கொக்கியில்லாத தூரி

தறிச்சத்தம் ஓயும் என்று யாரும் எதிர்பார்க்காத, ஓய்ந்துவிட்டால் என்னவோ கெட்டது நடந்துவிட்டது என்று வாசலுக்கு ஓடிவந்து எட்டிப்பார்க்கிற காளிங்கன்புதூர் என்கிற ஊரில், தெய்வானையம்மாவின் லைன் வீடுகளில் கடைசி வீட்டில், மேகலா என்கிற ஒருத்தி தன் மகளுக்காக ஒரு தூரியைக் காற்றில் மாட்டினாள். அது மாட்டின இடத்திலேயே நின்றது. ஊஞ்சலைத்தான் அந்தப் பக்கத்தில் தூரி என்பார்கள். மேலே கொக்கி இல்லை, கம்பி இல்லை, கயிறும் இல்லை. கத்திரிப்பூ நிறத்துச் சேலை ஒன்றின் இரண்டு முனைகளும் முடிச்சுப்போட்டு, கூரைக்கும் தரைக்கும் நடுவில், ஒன்றுமில்லாத இடத்தில் தொங்கின. அது எப்படி என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கட்டும். அந்த ஊரார் கேட்கவில்லை. இது நமக்கு எதற்கு ஆகும் என்று மட்டும்தான் கேட்டார்கள், அதற்குப் பதிலையும் அவர்களே கண்டுபிடித்துக்கொண்டார்கள்.

மகளின் பெயர் கயல்விழி. அந்தப் பெயரை வைத்தவன் அவள் அப்பன். ஆட்டிசம் என்கிற வார்த்தையை டாக்டர் சொல்லி முடிப்பதற்குள் எழுந்து வெளியே போனவன், பிறகு ஓசூருக்கு வேலைக்குப் போகிறேன் என்று போனவன், கடைசியில் போன் நம்பரையும் மாற்றிக்கொண்டவன். கயலுக்குப் பேச்சு வரவில்லை. யார் முகத்தையும் அவள் பார்ப்பதில்லை. "கயல்விழின்னு பேரு வெச்சிருக்கறாங்க, ஆரையாச்சும் ஏறெடுத்துப் பாக்குதா அது?" என்று தண்ணிக்குழாயடியில் சிரிப்பார்கள்; மேகலா குடத்தோடு நிற்கும்போதே சிரிப்பார்கள்; சிரித்து முடித்தபிறகு, "உன்னையச் சொல்லலம்மிணி, நீ மனசுல வெச்சுக்காத" என்பார்கள்.

ஊரில் எல்லார் காதுக்கும் பழகிப்போன தறிச்சத்தம் கயலுக்கு மட்டும் பழகவில்லை. மற்றவர்களுக்கு அது காதில் விழுந்தது, அவளுக்கு உடம்பு முழுக்க விழுந்தது. கரண்ட் போய்த் தறியெல்லாம் நின்றால் ஊர் மின்வாரியத்தைத் திட்டும், கயல் சிரிப்பாள். கரண்ட் வந்தால் ஊர் சிரிக்கும், கயல் தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் மோதுவாள், மோதிக்கொண்டே இருப்பாள், மேகலா தன் உள்ளங்கையைச் சுவருக்கும் நெற்றிக்கும் நடுவில் வைத்து வாங்கிக்கொண்டே இருப்பாள். மோதி மோதிச் சுவரில் ஓரிடத்தில் காரை பெயர்ந்துவிட்டது. வாடகை வாங்க வரும்போதெல்லாம் தெய்வானையம்மா அந்தக் காரையைத் தடவிப் பார்த்து உச்சுக்கொட்டுவாள். கயலின் நெற்றியை ஒருநாளும் அவள் தடவிப் பார்த்ததில்லை.

சனிக்கிழமைதோறும் மேகலா மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி ஈரோட்டுக்குப் போவாள். அங்கே ஒரு பயிற்சி மையத்தில் ஜெனிட்டா டீச்சர் என்று ஒரு சின்ன வயசுப் பெண் இருந்தாள், நல்ல பெண். "பாப்பாவுக்குத் தன் உடம்பு எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு தெரியலம்மா," என்று அவள் விளக்கினாள். "அதனாலதான் முட்டிக்கறா. நல்லா அமுக்கம் குடுக்கணும், மேல கனம் போடணும். எல்லாத்துக்கும் மேல, ஆடணும். உடம்பைச் சுத்தி இறுக்கிப் பிடிக்கிற மாதிரி ஒரு துணி ஊஞ்சல் வீட்டுல இருந்தா, இவ வேற பிள்ளை." அந்த மையத்தில் அப்படி ஒரு ஊஞ்சல் இருந்தது. அதற்குள் கயல் கிடந்த அரைமணி நேரம்தான் அந்த வாரத்திலேயே மேகலாவின் உள்ளங்கைக்கு ஓய்வு.

கடையில் விற்கிற சாமான்களை வாங்க அவளுக்கு வழியில்லை, ஆனால் தைக்கக் கையிருந்தது. தறித்துணி வெட்டிச் சின்னச்சின்னப் பையாகத் தைத்து, பையெல்லாம் புளியங்கொட்டை ரொப்பி, கனமான போர்வை ஒன்று செய்தாள். தறிப்பட்டறையில் நூல் தீர்ந்ததும் வீசியெறிகிற காலிக் கோன்களைப் பொறுக்கிவந்து கழுவி, சிவப்பு தனியாகப் பச்சை தனியாக அடுக்கக் கொடுத்தாள். குண்டாவில் ராகியைக் கொட்டி அதற்குள் கையை விட்டு அளையச் சொன்னாள், காய்ந்த பீர்க்கங்கூட்டால் உள்ளங்காலைத் தேய்த்துவிட்டாள், லாரி டியூபில் காற்றடித்து அதன்மேல் குதிக்க வைத்தாள். இதையெல்லாம் போனில் தேடித்தேடி அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் சிந்துஜா, தெய்வானையம்மாவின் மருமகள். சிந்துஜாவுக்குக் கல்யாணமாகி வருஷங்களாகியும் பிள்ளையில்லை. மாமியாரின் வாய்க்குப் பயந்து மத்தியானங்களில் மேகலா வீட்டுக்கு ஓடிவந்துவிடுவாள். "அக்கா, இங்க பாருங்க, ஒரு அம்மா சாக்ஸுக்குள்ள அரிசியப் போட்டுத் தைச்சுத் தோள்ல மாட்டி விடறாங்க," என்பாள். மறுநாளே தன் புருஷனின் சாக்ஸைத் திருடிக்கொண்டு வருவாள். அம்மாவைத் தவிரத் தலைவாரக் கயல் விட்டது அவளை மட்டும்தான். மேகலாவுக்கு அந்த ஊரில் ஒரு தங்கச்சி இருந்தாள் என்றால் அது அவள்தான்.

எல்லாம் கிடைத்தது, தூரி மட்டும் கிடைக்கவில்லை. சேலை இருந்தது, மாட்டக் கொக்கி வேண்டும்.

"ஏனுங்கம்மா, மேல ஒரே ஒரு கொக்கி போட்டுக்கறனுங்க. போறப்ப நானே பூசிக் குடுத்தர்றனுங்க."

"ஆணியே அடிக்கக்கூடாதுன்னு சொல்லித்தான விட்டேன்? கொக்கி போட்டாக் கான்கிரீட்டு வெடிச்சு மழைக்கு ஒழுகும். செவுத்தத்தான் உம்புள்ள முட்டி முட்டி ஒடைக்குது, கூரையுமா?" என்றாள் தெய்வானையம்மா. சொன்ன கையோடு, லைன் வீட்டுக்குப் பின்னாலிருந்த தறி ஷெட்டில் புதுசாக இன்னும் சில தறிகளை இறக்கினாள்.

புதுத் தறிகள் ஓடத்தொடங்கிய அன்று கயல் சுவரை விட்டு நகரவில்லை. போர்வை போர்த்தினாள் மேகலா, கயல் உதறிவிட்டாள், ராகிக் குண்டா எகிறி உருண்டது, கோன்கள் சிதறின. உள்ளங்கை வீங்கி விரல் மடங்காமல் போனபோது மேகலா கொடியில் கிடந்த கத்திரிப்பூ நிறத்துச் சேலையை எடுத்து, இரண்டு முனையிலும் முடிச்சுப்போட்டு, வேறெதையும் யோசிக்காமல், கடைக்குப் போய்வந்ததும் பையைக் கதவுக் கொண்டியில் மாட்டுகிற பழக்கத்தில், தலைக்குமேல் தூக்கி மாட்டிவிட்டுக் கையை எடுத்தாள். சேலை தொங்கியது. அவள் முதலில் பார்த்தது முடிச்சு இறுக்கமாக இருக்கிறதா என்றுதான். பிறகு, எதிலும் பிள்ளையை ஏற்றுவதற்குமுன் கனம் வைத்துப் பார்க்கவேண்டும் என்று ஜெனிட்டா டீச்சர் சொன்னது நினைவுக்கு வந்து, புளியங்கொட்டைப் போர்வையை வைத்துப் பார்த்தாள், தாங்கியது. அரிசி மூட்டையை வைத்துப் பார்த்தாள், தாங்கியது. தானே உட்கார்ந்து பார்த்தாள், தாங்கியது. அப்புறம் மகளைத் தூக்கி வைத்தாள். கயல் முழங்காலை மடக்கிச் சேலைக்குள் சுருண்டு, துணி மூக்கோடு ஒட்ட, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆடினாள். ஷெட்டில் தறிகள் அடித்துக்கொண்டே இருந்தன. கயல் தூங்கிப்போனாள்.

அதற்குப்பிறகு வந்தவைதான் அந்த வீட்டின் நல்ல நாட்கள். நெற்றிக்காயம் பொருக்குத்தட்டி உதிர்ந்தது. கயல் தூரியிலிருந்து இறங்கிவந்து தட்டுமுன்னால் தானாக உட்கார்ந்தாள், ரசஞ்சோற்றைத் துப்பாமல் விழுங்கினாள், வேண்டியதை விரலால் சுட்டிக்காட்டினாள். ஒருநாள் காய் அரிந்துகொண்டிருந்த அம்மாவின் கன்னத்தில் தன் உள்ளங்கையைக் கொண்டுவந்து வைத்துச் சும்மா நின்றாள். இத்தனை வருஷத்தில் அவளாக வந்து தொட்டது அதுதான் முதல். மேகலா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அழுதால் பிள்ளை பயந்துகொள்ளுமே என்று அழாமல் உட்கார்ந்திருந்தாள். அத்தனை சந்தோஷத்தை அவள் அதற்குமுன் அறிந்ததில்லை.

இனி ஊரின் கதை. முதலில் வந்தவள் தெய்வானையம்மா. கொக்கி போட்டுவிட்டாள் என்று யாரோ சொல்லிச் சண்டைக்கு வந்தவள், கூரையை இந்த மூலைமுதல் அந்த மூலைவரை அண்ணாந்து பார்த்தாள், ஒரு கீறல்கூட இல்லை. சேலைக்கு மேலே கையை வீசிப்பார்த்தாள், ஒன்றும் தட்டவில்லை. சண்டைக்கென்று வந்துவிட்டுச் சும்மா திரும்புகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது.

"நான் வாடகைக்கு விட்டது வீட்டத்தான். வீட்டுக்குள்ள இருக்கற காத்த ஆரு விட்டா உனக்கு?" என்றாள்.

மறுநாளிலிருந்து லைன் வீட்டுப் பெண்கள் வந்தார்கள். ஒருத்தி வெங்காயக்கூடையைக் கொண்டுவந்தாள், எலித்தொல்லை, தூரிக்குப் பக்கத்தில் மாட்டிக்கொள்கிறேன் என்றாள், மாட்டினாள், கூடை விழுந்து வெங்காயம் கட்டிலடியெல்லாம் ஓடியது. ஒருத்தி ஈரத்துண்டு மாட்டினாள், ஒருத்தி செத்துப்போன மாமனாரின் படத்தை மாட்டினாள், அதுவும் விழுந்து கண்ணாடி உடைந்தது. அந்தக் காற்று வேறு எதையும் தாங்குகிற காற்றாக இல்லை. அப்படியானால் பிரயோசனமில்லை என்று ஊர் அதை மறந்தது. மாட்டுக்கு ஐந்து கால் இருந்தால் நாலுநாள் பார்த்துவிட்டு எப்படி மறப்பார்களோ அப்படி மறந்தது. அப்படியே மறந்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும், நானும் மனம்நிறைந்து போயிருப்பேன்.

ஒரு மத்தியானம் சிந்துஜா கண் சிவந்து வந்தாள். கயல் கோன் அடுக்கிக்கொண்டிருந்தாள், தூரி காலியாக இருந்தது.

"நான் ஒருக்கா உக்காந்துக்கட்டுமாக்கா? இதுக்குள்ள இருந்தா ஆரு பேசறதும் கேக்காதில்ல?"

"உக்காரு சாமி," என்றாள் மேகலா.

சிந்துஜா உட்கார்ந்தாள், சேலையை முகத்துக்குமேல் இழுத்து மூடிக்கொண்டாள், மேகலா மெல்ல ஆட்டிவிட்டாள். கொஞ்சநேரம் அழுகிற சத்தம் வந்தது, பிறகு வரவில்லை. அடுத்த மாதம் சிந்துஜா முழுகாமல் இருந்தாள்.

அது தூரியால் நடந்ததா, அதற்குமுன் சாப்பிட்ட மாத்திரையால் நடந்ததா என்று எனக்குத் தெரியாது. தெய்வானையம்மாவுக்குத் தெரிந்திருந்தது. பிள்ளை வேண்டுகிறவர்கள் கோயில் மரத்தில் சின்ன மரத்தொட்டில் கட்டுவார்கள் இல்லையா, அப்படி ஒரு தொட்டிலை மஞ்சள் கயிற்றில் கோர்த்து எடுத்துக்கொண்டு, அந்த லைன் வீட்டைக் கட்டிய நாளிலிருந்து அன்றைக்குத்தான் முதல்முறையாகச் செருப்பை வெளியே கழற்றிவிட்டு, கடைசி வீட்டுக்குள் வந்து தூரியின் ஓரத்தில் கட்டினாள். கட்டிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மேகலா தடுக்கவில்லை. அதுமட்டுமில்லை, அவளுக்குப் பெருமையாக இருந்தது. தன்னைப் பார்த்துச் சிரித்த ஊர் தன் வாசலில் குனிந்து நுழைகிறது, இனி கயலையும் மரியாதையாகப் பார்ப்பார்கள், அவளைக் கண்டதும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போகமாட்டார்கள் என்று கணக்குப்போட்டாள். வந்தவளுக்கு அவளே டீ போட்டுக்கொடுத்தாள். அவள் செய்த தப்பு அந்த டீ.

பக்கத்து ஊர்களிலிருந்து பெண்கள் வந்தார்கள், தொட்டில் கட்டினார்கள். தொட்டிலோடு நிற்குமா? வெண்கல மணி கட்டினார்கள். தூரி ஆடும்போதெல்லாம் மணி அடித்தது. கற்பூரம் ஏற்றினார்கள், சாம்பிராணி போட்டார்கள், பன்னீர் தெளித்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் உடுக்கை வந்தது, அப்புறம் மைக்செட் வந்தது, லைன் வீட்டு வாசலில் குழாய் கட்டி அம்மன் பாட்டுப் போட்டார்கள். சத்தம் தாங்காத, வாசனை தாங்காத, ஆள் தொடுவது தாங்காத ஒரு பிள்ளைக்கென்று வந்த தூரியைச் சுற்றி, அந்தப் பிள்ளைக்கு எதுவெல்லாம் ஆகாதோ அதையெல்லாம் தேடித்தேடிக் கொண்டுவந்து படைத்தார்கள். கயல் கட்டிலடியில் புகுந்து காதைப் பொத்திக்கொண்டாள். வந்தவர்கள் அவளைத் தாண்டிப்போய்க் கண்ணைமூடி, வாய்விட்டு வேண்டிக்கொண்டார்கள்.

"தாயே, கண்ணப் பாத்துப் பேசற கொழந்தையாக் குடு. காது, மூக்கு, புத்தி எல்லாஞ் சரியா இருக்கோணும். இதுமாதிரி வேண்டாந் தாயே."

'இது' என்னும்போது கட்டிலடியைக் காட்டுவார்கள். தூரித்தாய்க்குச் சரியாகப் புரியவேண்டுமே, அதற்காக.

மேகலா தெய்வானையம்மாவிடம் போய் நின்றாள். "அம்மா, மணிய மட்டுமாச்சும் கழட்டிரச் சொல்லுங்க. புள்ள தூரிக்கே போகமாட்டேங்குதுங்க."

"அதுக்குத்தான் நானே ஒரு ரோசன வெச்சிருக்கறேன்," என்றாள் தெய்வானையம்மா. "சனம் வர்ற எடத்துல வெச்சுக் கொழந்தைய எதுக்குக் கஷ்டப்படுத்தோணும்? ஷெட்டுக்குப் பின்னால நூல் ரூமு சும்மாதான் கெடக்குது. நீயும் உம்புள்ளையும் அங்க இருந்துக்குங்க, வாடகையே வேண்டாம். வெடியால பூசைக்கு முன்ன புள்ளையக் கூட்டிட்டு வா, ஆடட்டும். ஆரு வேண்டாங்கறா?"

நல்ல வார்த்தையாகத்தான் சொன்னாள். ஊரில் எல்லாரும் அவள் பெரிய மனசை மெச்சினார்கள். கடைசி வீடு சுண்ணாம்படித்துக் காவி போட்டுக் கோயிலானது, தெய்வானையம்மா பூசாரியானாள், காரை பெயர்ந்த சுவரிலும் தரையிலும் டைல்ஸ் ஒட்டினார்கள். மேகலாவும் கயலும் தறிகளுக்கு முதுகுப்பக்கம், ஒற்றைச் செங்கல் சுவருக்கு இந்தப்புறம், நூல் ரூமில் குடியேறினார்கள். அங்கே சத்தம் சுவரில் நடுங்கியது, சுவரைத் தொட்டால் கைக்குள் நடுங்கியது. விடியற்காலையில் மணியை மேகலா துணியால் சுற்றிப் பிடித்துக்கொள்ள, கயல் தொட்டில்களுக்கு நடுவே ஒண்டி ஆடுவாள். அந்த ஒரு மணி நேரத்தை வைத்துக்கொண்டுதான் அவள் மீதி நாளை ஓட்டினாள். புது இடத்தில் மேகலா இன்னொரு சேலையை முடிந்து காற்றில் மாட்டிப் பார்க்காமலில்லை. மாட்ட மாட்ட விழுந்தது.

சிந்துஜாவுக்குப் பெண் பிறந்தது. தொட்டிலிடும் சடங்கைத் தூரியிலேயே வைத்தார்கள். பிள்ளை எல்லார் முகத்தையும் பார்த்துச் சிரித்தது. மேகலா தூரத்தில் நின்று பார்த்து மனசார வாழ்த்தினாள். அவளுக்கு அதில் ஒரு துளி வஞ்சகமில்லை. அன்றைக்குப்பிறகு சிந்துஜா நூல் ரூம் பக்கம் வரவில்லை. கைக்குழந்தைக்காரிக்கு ஆயிரம் வேலை இருக்கும் என்று மேகலா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அடுத்த தையில் கயல் பெரியவளானாள். மேகலா அதை மறைத்திருக்கலாம். ஆனால் ஊர் முறை என்று ஒன்று இருக்கிறது, நம் பிள்ளைக்கும் எல்லாப் பிள்ளைக்கும் செய்கிறமாதிரி தண்ணி வார்க்கவேண்டும், புதுப் பாவாடை கட்டவேண்டும் என்று ஒரு ஆசை அவளுக்கு. ஆகவே சொன்னாள். யாரும் சீர் கொண்டு வரவில்லை, தெய்வானையம்மா மட்டும் வந்தாள், வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டாள்.

"இனி புள்ளையத் தூரிக்குக் கூட்டிட்டு வராத மேகலா."

"அந்த நாள்ல வரமாட்டமுங்கம்மா. எனக்குத் தெரியாதுங்களா?"

"அந்த நாளுன்னு அதுக்குச் சொல்லத் தெரியுமா? அதுக்கே தெரியாதுன்னா, நமக்கெப்படித் தெரியும்? சாமி இருக்கற எடம். என்னைக்குமே வராம இருந்துட்டா ஒரு கொழப்பமும் இல்லீல்ல."

"அது அவ தூரிங்கம்மா."

"அவளோடதா?" தெய்வானையம்மா உண்மையாகவே புரியாமல் கேட்டாள். "ஊரோட சாமியப் போயி ஒரு புள்ளையோடதுங்கற."

மேகலா சிந்துஜாவைத் தேடிப்போனாள். சிந்துஜா மகளுக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள். "உங்கத்தைகிட்ட ஒரு வார்த்த நீ சொல்லு சிந்து. அரமணி நேரம் போதும். உனக்குத் தெரியாதா கயலப் பத்தி?" என்றாள். சிந்துஜாவுக்குக் கண் கலங்கியது, கலங்கத்தான் செய்தது. "நான் எப்புடிக்கா..." என்றாள். குழந்தையின் நெற்றியில் இல்லாத பவுடரைத் துடைத்துக்கொண்டேயிருந்தாள்.

தூரி இல்லாத கயல் பழைய கயலாகக்கூட இருக்கவில்லை, அதைவிட மோசமானாள். ருசி கண்டபிறகு பிடுங்கப்பட்ட பிள்ளை அது. விடியற்காலையில் எழுந்து கோயில் கதவைப் போய்ப் பிறாண்டுவாள், துரத்துவார்கள், திரும்பிவந்து நடுங்குகிற சுவரில் மோதுவாள். மேகலாவின் உள்ளங்கை போதவில்லை. தலையணை வைத்தாள், புளியங்கொட்டைப் போர்வையை ஆணியடித்துச் சுவரில் தொங்கவிட்டாள், கயல் அதை விலக்கிவிட்டுச் செங்கல்லைத் தேடி மோதினாள். மேகலா குழாயடிக்குப் போய்த் தண்ணீர் பிடித்துவருவதற்குள் ஒருநாள் நெற்றி பிளந்துவிட்டது. தைத்த டாக்டர், "பெத்தவங்க கொஞ்சம் பாத்துக்க வேண்டாமா?" என்று கேட்டார். மேகலா ஆமாங்க சார் என்றாள்.

தையல் போட்ட பிள்ளையைத் தோளில் சாய்த்து நூல் ரூமில் படுக்கவைத்துவிட்டு, அவள் நேராகக் கோயிலுக்குப் போனாள். வெள்ளிக்கிழமை. உடுக்கை அடித்துக்கொண்டிருந்தது, தெய்வானையம்மா கற்பூரத்தட்டோடு நின்றிருந்தாள், பெண்கள் வாசல் தாண்டி ரோட்டுவரைக்கும் நின்றிருந்தார்கள். மேகலா யாரையும் தள்ளவில்லை, கத்தவில்லை. முகத்தைப் பார்த்தே வழிவிட்டார்கள்.

"கைய வெய்யாத! வெச்சீன்னா நல்லாருக்கமாட்ட!" என்று கத்தினாள் தெய்வானையம்மா.

மேகலா குதிகாலைத் தூக்கி எட்டி, கொண்டியிலிருந்து பையை எடுக்கிறமாதிரி, தூரியைக் காற்றிலிருந்து கழற்றினாள். அது சுலபமாக வந்தது. ஒரு உதறு உதறினாள். மரத்தொட்டில்களும் மணிகளும் மஞ்சள் துணிகளும் புது டைல்ஸ்மேல் சடசடவென்று கொட்டின. சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். நல்லாயிருப்பது எப்படியிருக்கும் என்று அவளுக்கு யாராவது முன்னமே காட்டியிருந்தால், அந்தச் சாபத்துக்கு அவள் பயந்திருப்பாள்.

நூல் ரூமில் கயல் எழுந்து சுவரோரம் போய்விட்டிருந்தாள். மேகலா அவசர அவசரமாக முனைகளைத் தூக்கிக் காற்றில் மாட்டினாள். விழுந்தது. அந்த மூலையில் மாட்டினாள், இந்த மூலையில் மாட்டினாள், கண்ணைமூடிக்கொண்டு மாட்டினாள். விழுந்தது, விழுந்தது, விழுந்தது. தன் சேலைதான், தன் கைதான், காற்றுதான் பழைய காற்றில்லை. அங்கே தையல்மேல் முதல் மோதல் விழப்போகிற நேரம். மேகலா நடுரூமில் காலை அகட்டி நின்று, முனைகளை இரண்டு கையிலும் சுற்றித் தலைக்குமேல் பிடித்து, "வா கண்ணு," என்றாள். கத்திரிப்பூ நிறத்தைப் பார்த்ததும் கயல் வந்தாள். ஏறிச் சுருண்டாள். பதினோரு வயசுப் பிள்ளையின் கனம் முழுக்கத் தோளில் இறங்கியது. மேகலா இடுப்பை அசைத்து ஆட்டினாள்.

கையை இறக்கலாம் என்று நினைத்தபோதெல்லாம் சேலைக்குள்ளிருந்து முனகல் வந்தது, காலொன்று வெளியே வந்து சுவரைத் தேடியது. ஆகவே அவள் இறக்கவில்லை. ஊர் திரண்டு வந்து வாசலில் நின்று சேலையைக் கேட்டது, திட்டியது, மண்ணை வாரித் தூற்றியது. தெய்வானையம்மா உள்ளேவந்து முடிச்சைப் பிடித்து இழுத்தாள், வரவில்லை. கோயிலில் அதை இழுத்துப் பார்த்தபோதும் யாருக்கும் வந்ததில்லை. இருட்டி, விடிந்து, மறுபடி இருட்டியும் மேகலா நின்றபடியே நின்றாள். தோள் வீங்கிக் கழுத்தோடு சேர்ந்துகொண்டது, விரல்கள் நீலமாயின, தூரி மட்டும் ஒரே சீராக ஆடியது. பார்த்துக்கொண்டேயிருந்த ஒருத்தி, திட்டிக்கொண்டிருந்தவர்களை விலக்கி உள்ளே வந்து, கோயில் தரையில் பொறுக்கிய ஒரு மரத்தொட்டிலை மேகலாவின் மணிக்கட்டில் கட்டிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அதற்குப்பிறகு யாரும் திட்டவில்லை. தெய்வானையம்மா போய்க் கற்பூரத்தட்டை எடுத்துவந்தாள்.

"தண்ணி குடுங்க," என்றாள் மேகலா. அம்மன் வாய்திறந்துவிட்டாள் என்று குலவையிட்டு, மஞ்சள் தண்ணியைக் குடம்குடமாகக் கொண்டுவந்து அவள் காலில் ஊற்றினார்கள். "மணிய மட்டும் கட்டாதீங்க, புள்ளைக்கு ஆகாது," என்றாள். கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார்கள், இரண்டு முழங்கையிலும் மணி கட்டினார்கள். ஆட்டாமல் நின்றால் கயல் முனகினாள், ஆட்டினால் மணி அடித்துக் கயல் காதைப் பொத்தினாள். எது குறைவான வேதனை என்று பார்த்துப் பார்த்து மேகலா ஆட்டினாள்.

வரிசையில் கடைசியாகச் சிந்துஜா வந்தாள். கூட்டம் கலைந்திருந்தது. அவளைப் பார்த்ததும் மேகலாவுக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை பேர் வந்து போனதில் அவள் மட்டும்தானே கயலுக்குத் தலைவாரியவள்.

"சிந்து, சாமி, இந்த ஒரு முனைய மட்டும் கொஞ்சநேரம் புடிச்சுக்க. ஒரு கைய மட்டும் எறக்கிக்கறேன்."

சிந்துஜா கிட்டே வந்தாள். மேகலாவின் முகத்தைப் பார்க்காமல், நீலம் பாரித்த மோதிரவிரலில் புதுத் தொட்டில் ஒன்றை மஞ்சள் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு, தூரிக்குள் இருக்கிற பிள்ளைக்குக் கேட்டுவிடக்கூடாதே என்கிற பழைய பிரியத்தில் மெதுவாக, அக்காவின் காதோரம் வேண்டிக்கொண்டாள்.

"அடுத்தது பையனாக் குடு தாயே. கயலு மாதிரி மட்டும் குடுத்தராத."

காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, வீட்டில் தன் மகள் எழுந்திருப்பாள் என்று வேகமாகப் போய்விட்டாள். ஷெட்டில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. மேகலா முனைகளைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, மகளை ஆட்டினாள்.